விடுபட்ட சுண்ணாம்பு

1846-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊரில், ஆனா தின் என்ற சீமாட்டி ஒருவர், கடற்பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த உயிருள்ள சிறு பவளங்களை ஒரு பெரிய கடற்பஞ்சின்மேல் ஊசியும் நூலும் கொண்டு தைத்தார். லண்டன் மாநகரத்திலிருந்த தம் வீட்டுக்கு அவற்றைக் கல் ஜாடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வழியில் ஜாடி குலுங்கும்போது மென்மையான அந்த உடல்கள் சுவரில் மோதி நசுங்காமல் இருக்கவேண்டும். நாற்புறமும் நீர் தடையின்றிப் பட்டுக்கொண்டும் இருக்கவேண்டும். இவ்விரண்டுக்குமாகத் தையல் பழகிய கை கண்டுபிடித்த உபாயம் அது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்ந்த பதவி வகித்த பாதிரியார் ஒருவரின் மனைவியான அந்த அம்மையார், எந்தக் கலாசாலையிலும் ஜீவ சாஸ்திரம் பயின்றவரல்லர். ஆயினும், வீட்டுக்குள் கடல் வளர்க்கும் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அந்த நூலின் முனையைப் பற்றிக்கொண்டுதான் தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம்.

லண்டனில் கடல் இல்லை. ஜாடியில் வந்த நீரோ, இரண்டு நாள் அசையாமல் நின்றால் நாற்றமெடுக்கும் சுபாவமுடையது. புது நீரை ஓயாமல் தருவித்துக்கொண்டிருப்பது இயலாத காரியமாகையால், இருக்கும் நீரையே காற்றோடு கலந்து புதுப்பிக்கலாகாதா என்று அம்மையார் யோசித்தார். வேலைக்காரப் பெண்ணொருத்தி, திறந்த ஜன்னலின் முன் நின்று, நம் வீடுகளில் காப்பி ஆற்றுவதைப்போல, நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்வரை அந்தக் கடல் நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினாள். அடுத்த வசந்தத்தில் கடற்பாசி படர்ந்த கற்களைத் தருவித்து அதே நீரில் இட்டார்கள். பாசி வெயிலில் பிராணவாயுவை வெளியிட, ஊற்றும் வேலை குறைந்தது. அந்தப் பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்ததுமன்றி இனப்பெருக்கமும் செய்தன. அம்மையாரின் குறிப்புகள் 1859-இல்தான், அதுவும் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை நூலாசிரியரின் மூலமாக, அச்சேறின. இந்தச் சாதனையில் சரிபாதிக்கு உரியவள் ஜன்னலருகே நின்ற அந்தப் பெண் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இன்று மின்சாரப் பம்பு செய்யும் வேலையனைத்தும் அன்று அவளுடைய இரண்டு கைகளில் இருந்தது.

அக்காலத்தில் லண்டனிலேயே ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி நன்னீரில் ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார். 12 காலன் நீர் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, மீன் விடும் கரியமில வாயுவைச் செடி உட்கொண்டு, செடி விடும் பிராணவாயுவை மீன் சுவாசித்து, இரண்டும் ஒன்றையொன்று காக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு சரி, ஆனால் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கிவிட்டன. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்ட பிறகே, அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. உயிர் வாழ்வதற்கு வேண்டியவற்றை மட்டும் எண்ணியவர், மடிவதைக் கையாளுவதற்கும் ஓர் உயிர் வேண்டும் என்பதை அந்தக் கலங்கலிலிருந்து கற்று, 1850-இல் ரசாயன சங்கத்தில் அறிவித்தார். 1852-இல் அதே முறையைக் கடல் நீரிலும் சோதிக்கத் தொடங்கினார்.

இனிதான் என் கட்டுரையின் தலைப்புக்குரிய சம்பவம் வருகிறது. 1853-இல் லண்டன் ரீஜெண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு கண்ணாடி மாளிகை திறக்கப்பட்டது. அதற்கு உயிரினங்களைச் சேகரித்து உதவிய காஸ், கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்வோரும் கடலைத் தம் வீட்டில் அமைத்துக்கொள்ளும்படி, 1854-இல் செயற்கைக் கடல் நீருக்கு ஒரு பாகமுறை வெளியிட்டார். சாப்பாட்டு உப்பு 3½ அவுன்ஸ், பேதியுப்பு ¼ அவுன்ஸ், மக்னீசியம் குளோரைடு 200 கிரெயின், பொட்டாசியம் குளோரைடு 40 கிரெயின். இவற்றை நாலு குவார்ட்டுக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைக்கவேண்டும். எவ்வளவு எளிய முறை! கடல் நீரின் ரசாயனப் பகுப்பை முன்னால் வைத்துக்கொண்டே அவர் இதை வகுத்தார். ஆனால் அந்தப் பகுப்பில் கண்ட சுண்ணாம்பு சம்பந்தமான உப்புகளை, அளவு மிக அற்பம் என்று கருதி விட்டுவிட்டார். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஏறக்குறைய 35 கிராம். அதில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து 0.4 கிராம் அளவே என்பதால், அதை அற்பமென்று எண்ணியது குற்றமாகாது. காஸ் வளர்த்த பாசிகளும் மெல்லுடலிகளும் அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல் நெடுநாள் செழித்தன. ஆனால் பவளத்தின் எலும்பு முழுவதும் அந்த அற்பத்தால்தான் ஆனது என்பதும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பவளம் வளர்க்க முயன்றோருக்கு நேர்ந்த நஷ்டங்களில் ஒரு பகுதி அந்த 0.4 கிராமைச் சுற்றியே நிகழ்ந்தது என்பதும் அப்போது யாருக்குத் தெரியும்?

கண்ணாடிக்கு விதித்திருந்த வரியை இங்கிலாந்து 1845-இல் நீக்கியிருந்தது. ரயில் வண்டிகள் கடற்கரையையும் தலைநகரையும் ஒரே நாளின் பயண தூரத்துக்குள் கொண்டுவந்தன. காஸ் எழுதிய புத்தகங்கள் வீடுதோறும் படிக்கப்பட்டன. கூடத்தில் ஒரு கடல் தொட்டி இல்லாதது குடும்ப கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணுமளவுக்கு மோகம் பரவியது. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்பவர் லண்டனில் ஒரு கடை திறந்து தொட்டிகளையும் கடற்பிராணிகளையும் கடல் நீரையுமே விற்றார். வாங்கியவர்களுடைய அநுபவம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது: நாலு பக்கமும் கண்ணாடி பதித்த தொட்டியை வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் வைத்தார்கள், பக்கவாட்டிலிருந்து பாய்ந்த வெயிலில் நீர் பச்சை வர்ணமாக மாறி, சூடேறி, நுரைத்து, ஒரு காலையில் வீடு முழுவதும் நாறியது. அதைத் தெருச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அடுத்த பருவத்தில் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். 1860-களில் மோகம் அடங்கிற்று. லாயிடின் கடையும் நொடித்தது.

கடை நொடித்தவர் கற்ற பாடத்தைத்தான் நான் விசேஷமாக மதிக்கிறேன். கடலில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வருகிறது என்பதையும், கண்ணுக்குத் தெரியும் நீரைக் காட்டிலும் தெரியாத நீரே கடலில் அதிகம் என்பதையும் அவர் அந்தத் தோல்விகளிலிருந்து கிரகித்துக்கொண்டார். 1864-இல் ஹாம்பர்க் நகரத்திலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸிலும் அவர் நிர்மாணித்த மீன்காட்சிசாலைகளில், தொட்டிகளில் உள்ள நீரைப்போலப் பல மடங்கு நீரை இருண்ட நிலவறையில் தேக்கி, அதை இயந்திரத்தால் இரவும் பகலும் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மேலே அழுக்கானது கீழே இருளில் ஓய்வு கொண்டு தெளிந்து திரும்பியது. நம் நகரத்து வீடுகளில் தரைக்கடியில் கட்டும் சம்ப்பை அதே பெயரால், அலமாரிக்குள் அடங்குமளவு சிறியதாக்கி, இன்றைய கடல் தொட்டியின் கீழும் வைக்கிறார்கள். அது லாயிடின் நிலவறையின் வம்சம்.

மோகத்தின் கேட்டையும் சொல்லவேண்டும். டெவன் கரையின் பாறைக் குழிகள், காஸின் புத்தகத்தைக் கையிலேந்தி வந்தவர்களால் சூறையாடப்பட்டு, பூக்கள் பறிக்கப்பட்ட தோட்டம்போல ஆயின. தம் தந்தையே அறியாமல் இதற்குக் காரணமானதை, மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளிவந்த தம் நூலில் துக்கத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

தொட்டிகள் ஏன் இறந்தன என்ற கேள்விக்கு விடை, விசித்திரமாக, வேறொரு தந்தைக்குப் பிறந்த மகனிடமிருந்து வந்தது. வாரிங்டனின் மகன், அவரும் ராபர்ட் வாரிங்டனே, ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ந்தார். மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் வேலை என்பதை 1877-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் காட்டியிருக்க, அந்த மாற்றம் இரண்டு படிகளில், இரண்டு வேறு வகை உயிர்களால் நிகழ்கிறது என்று நிரூபித்தவர் அவர். மீனின் கழிவு அமோனியாவாகிறது. அது கொடிய விஷம். அதை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம். நைட்ரைட்டை அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாக்குவது மற்றொரு கூட்டம். இந்தக் கூட்டங்கள் ஒரு புதுத் தொட்டியின் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். புது மண்சட்டியை வாங்கிய அன்றே அடுப்பிலேற்றாமல், கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கியபின் குழம்பு வைக்கும் நம் பாட்டிமாருக்கு இது புதிதன்று. தந்தை தொட்டியை உண்டாக்கினார்; அதைக் காக்கும் ரகசியத்தை மகன் வயலில் கண்டார்; எனினும் வயலின் சாஸ்திரம் தொட்டிக்காரர்களின் காதுக்கு எட்ட மேலும் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இந்த இடைக்காலத்தில் நம் சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்து, மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் கடற்பிராணிகளையும் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், மெரினா கடற்கரையில் 1909-இல் ஒரு கடல்மீன் காட்சிசாலை ஏற்பட்டது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர்க் காலேஜ் என்றும் வழங்கிய சென்னை ஜனங்கள், அலைகளுக்கு எதிரிலேயே நின்று கண்ணாடி வழியாகக் கடலின் உள்ளேயும் பார்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் அதை மூடிவிட்டது. யுத்தம் முடிந்தது, காட்சிசாலை பழைய நிலைக்கு மீளவில்லை. கடலுக்கு அவ்வளவு அருகில் இருந்தும் அதை மீட்டெடுக்காமல் விட்டதை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தமாயிருக்கிறது.

யுத்தத்துக்குப் பின் மேல்நாட்டு வீடுகளில் கடல் தொட்டி மறுபடி தோன்றியபோது, அதில் உயிர்ப்பவளம் இல்லை. வெளுத்துக் கழுவிய பவள எலும்புகளை வெண்பளிங்குபோல அடுக்கி, நடுவே வர்ண மீன்களை நீந்தவிட்டார்கள். மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் மயில்துத்தம் கரைத்தார்கள். தாமிரம் நோய்க்கிருமியைக் கொன்றது மெய். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லில் ஊறி ஒளிந்திருந்து, பின்னாளில் ஆசையோடு கொணர்ந்து வைத்த கடற்சாமந்தியையும் பவளத்தையும் கொன்றது. மறுபடி கட்ட விரும்பியவர் கல், மணல் யாவற்றையும் எறிந்துவிட்டு, வெறுந்தொட்டியிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது.

பவளத்துக்கு என்ன வேண்டும் என்பதில் ஒரு பகுதியை ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முன்னரே அறிந்திருந்தார்கள். 1928–29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற குழுவினர், சி. எம். யங் என்பவரின் தலைமையில், பவளப் பூச்சியின் சதைக்குள்ளே குடியிருக்கும் நுண்பாசிகளைப் பற்றி விரிவாகச் சோதித்தார்கள். பாறை கட்டும் பவளத்துக்குச் சூரியனே முக்கிய அன்னதாதா; ஆகவே மங்கிய கூடத்து மூலையில் அதை வைப்பது பட்டினி போடுவதாகும். நியூ கலிடோனியாவின் நூமியா நகரத்தில் ரெனே கத்தாலா என்பவர் 1956-இல் திறந்த காட்சிசாலையில், கடல் நீர் ஓயாமல் ஓடிவர, பவளங்கள் வளர்ந்தன. அவர் ஓர் இரவு புறஊதாக் கதிர் விளக்கை அவற்றின்மேல் ஏற்றியபோது, பகலில் மங்கலாய் நின்றவை பச்சையும் செம்மஞ்சளுமாகத் தணல்போல் ஒளிர்ந்தன. ஆனால் கடலையே வாய்க்கால் வெட்டி வீட்டுக்குள் கொண்டுவர எல்லோராலும் ஆகுமா?

வழி காட்டியவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் அவர் தம் முறையை விளக்கினார். வடிகட்டும் இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை, கடலிலிருந்து எடுத்த கற்களை, அவற்றின்மேலும் துளைகளிலும் வாழும் புழு, பாசி, பஞ்சு, சிறு நண்டு யாவற்றோடும் கழுவாமல் அப்படியே தொட்டியில் வைத்தார், கடல் நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழிகள், அவ்வளவே. மற்றவர்கள் அழுக்கென்று தேய்த்துக் கழுவியதைத்தான் அவர் பாதுகாத்தார். வாரிங்டனின் நத்தை செய்த வேலையும், மகன் கண்ட நுண்ணுயிரின் வேலையும் அந்தக் கல்லுக்குள் ஒருங்கே நடந்தன. வெப்ப நாட்டில் கடலருகே வாழ்ந்த அவருக்குச் சுலபமானது குளிர் நாட்டாருக்குச் சுலபமாகாமையால், அவருடைய முறையைப் பின்பற்றிய பலர் தோற்றார்கள். ஆயினும் அந்தக் கல் மாத்திரம் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

தோற்றவர்களுள் மனந்தளராதவர்கள் ஜெர்மானியர். கடற்கரையில் அலை அடிக்குமிடத்தில் நுரை ஒதுங்குவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். நீரில் கரைந்த பிராணிக் கழிவுகள் காற்றுக் குமிழியின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாகத் திரள்கின்றன. ஒரு குழாயில் குமிழிகளை நெருக்கமாய் எழுப்பி, மேலே பொங்கும் நுரையைக் கிண்ணத்தில் ஒதுக்கினால், கழிவு அமோனியாவாக மாறுவதற்கு முன்னமே நீரை விட்டுப் போகிறது. 1960-களில் அவர்கள் வழக்கப்படுத்திய அந்தக் கருவியின் கிண்ணத்தில் சேரும் பழுப்பு நிற வண்டலைக் கண்டவர்கள், நீர் தெளிவாய்த் தோன்றினாலே சுத்தம் என்று பிறகு ஒருபோதும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவும் அமைந்த பின்னும், கல் பவளங்கள் சில மாதம் விரிந்து நின்று பின் வளராமல் ஒடுங்கின. காற்று உண்டு, ஒளி உண்டு, நீர் தூய்மை, என்ன குறை? பீட்டர் வில்கன்ஸ் என்பவர் 1973-இல் வெளியிட்ட ஜெர்மன் நூல் இதற்குச் சொன்ன பரிகாரம் சுண்ணாம்புத் தெளிநீர். வெற்றிலையில் தடவுகிறோம், பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தின் உட்புறம் பூசுகிறோம், பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிறோம், அந்தச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவைத் தொட்டியில் ஆவியாய்ப் போன நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுவதே அவர் முறை. காஸ் 1854-இல் விட்டது அன்று திரும்பி வந்தது. பவளம் நாள்தோறும் நீரிலிருந்து சுண்ணாம்பை உண்டு எலும்பாக்குகிறது. எல்லையற்ற கடலில் அது குறைவதில்லை, தொட்டியிலோ சில நாளில் தீர்ந்துபோகிறது. ஆனால் இந்த மருந்தும் அவசரக்காரனைத் தண்டிக்கும். ஒரே மூச்சில் ஊற்றிவிட்டால் காரம் ஏறி மீன்கள் துடிக்கும். சுண்ணாம்பு கரைந்து நிற்காமல் வெண்பனிபோல் படிந்து, இருந்த சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தொட்டியைப் பாலாக்கிவிட்டு, மறுநாள் சவங்களைப் பொறுக்கிய பின்புதான், இரவில் துளித்துளியாக விடவேண்டும் என்னும் நியமத்தைப் பலரும் உளமாரக் கைக்கொண்டார்கள்.

பெர்லின் நகரத்தில் டீட்ரிஷ் ஸ்டூபர் என்பவர், உயிர்க்கல், நுரைக்கருவி, பலமான விளக்கு, சுண்ணாம்புத் தெளிநீர் ஆகிய நான்கையும் சேர்த்து, 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்ரோபோரா என்னும் மான்கொம்புப் பவளத்தைத் தம் வீட்டில் வளர்த்துக் காட்டினார். அவருடைய பெருமை அதோடு முடியவில்லை. வளர்ந்த கிளையை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். ஒடித்த துண்டு வேறொரு கல்லில் ஒட்டி மறுபடி கிளைத்தது. அவர்கள் மேலும் பலருக்கு ஒடித்துக் கொடுத்தார்கள். வீட்டுத் தயிர் கெட்டுப்போனால் அடுத்த வீட்டில் உறைமோர் வாங்கிவருகிறோம். அந்த உறைமோரோ போன மாதம் நாம் கொடுத்த தயிரின் சந்ததியாயிருக்கும். அதுபோல, மின்சாரம் நின்றோ, வெப்பம் ஏறியோ ஒருவருடைய தொட்டி ஓர் இரவில் அழிந்தாலும், அவர் முன்பு கொடுத்த துண்டின் சந்ததி நண்பர் வீட்டிலிருந்து திரும்பிவந்து, மறுபடி கட்டிய தொட்டியில் குடியேறும். கடலை மறுபடி சூறையாடாமலே அழிந்ததை மீட்க வழி பிறந்தது இவ்வாறுதான். தின் அம்மையாருக்கும் காஸுக்கும் வாய்க்காத பாக்கியம் இது.

நம் நாட்டுக் கதை வேறு. தூத்துக்குடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடலடிப் பவளக்கல்லை வெட்டி எடுத்து, வீடு கட்டவும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். பவளப்பூச்சி ஆயிரமாண்டுகளாக நீரிலிருந்து துளித்துளியாய்ச் சேர்த்த பொருள் ஓர் இரவில் நீறாயிற்று. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து, புலிக்கு உள்ள பாதுகாப்பைப் பெற்றன. நம் கடலின் பவளத்தை வீட்டுத் தொட்டியில் வைத்தல் ஆகாது, வைக்கவும் வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். கடல் வளர்க்கும் ஆசையுடைய வீட்டுக்கு அந்த மீன்கள் போதும்.

ஆனால் பெர்லின் வீட்டுக் கூடத்திற்குரிய கைவேலை நம் கடலுக்கும் வந்துவிட்டது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல், உயிருள்ள பவளத்திலிருந்து சிறு கிளைகளை ஒடித்தெடுத்து, கல் வெட்டி வெறுமையான இடங்களில் சிமெண்டுச் சட்டங்களை இறக்கி, அவற்றின்மேல் நட்டு வருகிறார்கள். 1998-இலும் 2010-இலும் 2016-இலும் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது இழப்பு நேர்ந்தது. நடுதல் பிறகும் நடந்தது. கலங்கிய நீரில் மூழ்கியவர் ஒருவர், விரல் நீளமுள்ள ஒரு கிளை அலைக்கு ஆடாதபடியும், நாற்புறமும் நீர் படும்படியும், அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி முடிச்சிடுகிறார்.